நிழலுக்கு அஞ்சும் மீன்

நுழையும்முன்

ஒரு தொழிலில் பழகிய கை வேறொரு தொழிலின் நுட்பத்தைத் தொட்ட அளவில் அறிந்துகொள்வதுண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் குன்னூரில் கண்ட பழைய தூண்டில் பெட்டி ஒன்று, தொலைதூர ஆறுகளையும் அவற்றில் வாழும் மீன்களையும் பற்றி அவரை எண்ண வைத்ததைக் கூறுகிறது இக்கட்டுரை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த நெசவாளரின் வீட்டுக் குழித்தறி ஓராண்டுக்கும் மேலாக ஓடாமல் நின்றிருந்தது. தறியில் பழுது ஏதும் இல்லை. கோர்வைச் சேலை நெய்வதற்கு இருவர் வேண்டும். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவர் ஒருபுறம் இருக்க, மறுகரையின் நாடாவைத் தள்ளுவதற்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். கரையின் நிறமும் உடலின் நிறமும் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஊடை இழைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால், சேலை நைந்தாலும் அந்த இணைப்பு விடாது என்பர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவர் அவருடைய மனைவி. அவர் மறைந்தபின் அங்கே அமர ஆளில்லை. மகன் ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலைக்குப் பேருந்தில் சென்று வருகிறான். அவனைக் குறைகூற இயலாது. மாதம் பிறந்தால் ஊதியம் வருகிறது, முதுகு வளைவதில்லை.

அந்த இருக்கையில் நெசவாளர் முதன்முதலாக அமர்ந்தபோது அவருக்கு வயது ஒன்பது. தந்தை நெய்ய, மகன் மறுகரை நாடாவைத் தள்ளினான். அக்காலத்தில் காஞ்சியின் தறிகள் பலவற்றில், பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகளே இந்த வேலையைச் செய்தார்கள். பட்டின் பளபளப்பைப் புகழ்வோர் இதனை மறந்துவிடுதல் கூடாது. தறிக்கு ஓய்வு கிடைக்கும் அமாவாசை நாள்களில் அவன் பாலாற்றுக்கு ஓடிவிடுவான். மணலைத் தோண்டி வெட்டப்பட்ட ஊற்றுக்கால்களில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அதில் சிறு கெண்டைகள் திரியும். மூங்கில் குச்சி, கடையில் வாங்கிய முள், மண்புழு ஆகியவை எளிதில் கிடைத்தன. நூல்தான் வீட்டிலிருந்து திருடிய பொருள். தறியில் மிஞ்சிய பட்டு இழைகளைத் தொடையில் வைத்து முறுக்கித் தூண்டில் நூல் செய்துகொள்வான். கழிவுப் பட்டும் காசுதான் என்று தந்தையிடம் அடி வாங்கியதும் உண்டு.

தெளிந்த நீரில் மீன் பிடிப்பது கலங்கிய நீரில் பிடிப்பதைவிடக் கடினம் என்பதை அவன் அங்கே கற்றான். கதிரவன் முதுகுப்புறம் இருந்தால் ஆளின் நிழலும் குச்சியின் நிழலும் நீரில் விழும்; கெண்டைகள் சிதறிவிடும். ஆகவே கண் கூசினாலும் கதிரவனை எதிர்நோக்கியே அமர வேண்டும். யாரும் சொல்லித் தராத பாடம் அது.

சங்க இலக்கியம் இந்தப் பாடத்தை அறிந்திருந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று. பரிசில் பெறக் காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழிகாட்டும் அந்நூலில், வழியில் உள்ள நீர்நிலை ஒன்றில் பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கில் கோலால் தூண்டில் இடும் காட்சி வருகிறது. இரையைக் கவ்வி, முள்ளில் சிக்காமல் தப்பிய வாளைமீன் ஒன்று அதன்பின் கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும் அஞ்சுவதாகப் புலவர் காட்டுகிறார். தூண்டிலைப் பற்றிய இவ்வளவு கூரிய கவனிப்பைக் கரையில் நெடுநேரம் அமர்ந்திராத ஒருவர் எழுதியிருக்க முடியாது. ஒருமுறை ஏமாந்த மீனுக்கு நிழல்கூடக் கோலாகத் தெரிகிறது. இன்று உலகின் மறுகோடி ஆறுகளுக்குப் பெரும்பொருள் செலவிட்டுச் செல்லும் தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டிகள் முதலில் சொல்லும் அறிவுரையும் இதுவே: நிழலை நீரில் விழவிடாதீர்கள்.

பெட்டிக்குள் இருந்த உலகம்

2019ஆம் ஆண்டு ஆடி மாதம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரசுக் குளத்திலிருந்து வெளிவரும் அத்திவரதரைக் காண நாடே காஞ்சியில் திரண்டிருந்தது. 1979இல் இளைஞராக ஒருமுறை கண்டு வணங்கிய அவர், இம்முறை கூட்டத்துக்கு அஞ்சி, பேரனைப் பார்க்கும் சாக்கில் குன்னூருக்குச் சென்றார். மகள் வாழ்க்கைப்பட்ட வீடு அங்கே இருந்தது. சம்பந்தி, தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், பொழுது போகாமல், அவர் பரண்மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். தோட்டத்தின் ஆங்கிலேய மேலாளர் ஊர் திரும்பியபோது அவருடைய தந்தைக்குக் கொடுத்துச் சென்ற பெட்டி அது.

“சம்பந்தி, நூலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. இது என்ன என்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்று ஒரு நூற்கண்டை நீட்டினார்.

நெசவாளர் அதனை விரலிடை வைத்து உருட்டினார். பிசின்போல் ஒட்டியது. நகத்தால் மேற்பூச்சைச் சுரண்டிவிட்டு, விளக்கருகே பிடித்துப் பார்த்தார். “பட்டு” என்றார். சற்று நேரம் கழித்து, “நெய்ததில்லை, பின்னியது. நடுவில் பருத்து, முனையில் மெலிகிறது. ஒட்டுப் போட்டு மெலிய வைக்கவில்லை. பின்னும்போதே இழையைக் குறைத்திருக்கிறார்கள். கைதேர்ந்தவன் வேலை” என்றார். பட்டை இப்படி எதற்காகப் பின்ன வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

அதனை விளங்கிக்கொள்வதற்கு ஈத்தூண்டில் என்னும் முறையை அறிய வேண்டும். ஆங்கிலேயர் ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்று அழைப்பது இதனைத்தான். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். வீசினால் அந்தக் கனம் நூலை இழுத்துக்கொண்டு செல்லும். ஈத்தூண்டிலில் இது தலைகீழாக நடைபெறுகிறது. முனையில் இருப்பது இறகையும் மயிரையும் நூலால் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே இல்லை. எவ்வளவு வலிந்து வீசினாலும் காலடியில்தான் விழும். ஆகவே எடையை நூலுக்குக் கொடுத்தார்கள். கோலைப் பின்னோக்கி வீசும்போது நூல் முதுகுப்புறம் முழுவதும் விரிய வேண்டும். விரிந்த கணத்தில் முன்னோக்கி வீச, அது வளைந்து சுருள் பிரிந்து ஓடி, இறுதியில் பொய்ப்பூச்சியை உண்மைப் பூச்சி இறங்குவதுபோல் நீர்மேல் இறக்கும். நூல் நடுவில் பருத்தும் முனையில் மெலிந்தும் இருந்தால்தான் அந்த ஓட்டம் ஓசையின்றி அடங்கும். இவ்வளவு மென்மையும் வலிமையும் ஒருங்கே உடைய இழை அந்நாளில் பட்டு ஒன்றுதான். ஒரு நூல் ஏறத்தாழ முப்பது கஜம். நெசவாளரின் கணக்கில் ஐந்து சேலை நீளம்.

பட்டு நூலைப் பேணுவதும் எளிதன்று. ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்தி, மிதப்பதற்காகக் கொழுப்புத் தடவி, ஒவ்வொரு நாள் மாலையும் சுருளிலிருந்து பிரித்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுற்றிவைத்தால் இற்றுவிடும். பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தால் எண்ணெய் முறிந்து பிசுபிசுக்கும். தகரப் பெட்டியில் நேர்ந்தது அதுவே. மழைநாளில் பாவை நீட்ட முடியாமல் தவித்த அனுபவமுடைய நெசவாளருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியிலிருந்த ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்தது. முட்கள், ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தவை. கோல், தென்சீனத்து மூங்கிலைப் பிளந்து ஆறு பட்டைகளாக ஒட்டியது. நூலின் முனைக்கும் முள்ளுக்கும் இடையே கட்டப்படும் கண்ணுக்குத் தெரியாத நரம்பு, ஸ்பெயினின் முர்சியாப் பகுதியிலிருந்து வந்தது. அந்த நரம்பு எப்படிச் செய்யப்பட்டது என்று சம்பந்தி சொன்னபோது நெசவாளர் முகம் சுளித்தார். கூடு கட்டப்போகும் பட்டுப்புழுவைக் காடியில் ஊறப்போட்டு, அதன் உடலைப் பிளந்து, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரு முனைகளையும் பிடித்து இழுத்து நரம்பாக்குவார்கள். முகம் சுளித்தவர் உடனே சிரித்தும் விட்டார். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இழையைத் தன்னைச் சுற்றிக் கட்டிய புழுவைக் கூட்டோடு வெந்நீரில் இட்ட பின்னரே அவருடைய தொழில் தொடங்குகிறது.

பொய்ப்பூச்சிகள் ஒரு தனிச் சிறுபேழையில் இருந்தன. நீலம், ஆரஞ்சு, பொன்னிறம் என்று எரியும் வண்ணங்கள். அவற்றில் பலவற்றின் இருபக்கத்திலும் ஒரு சிறிய இறகு ஒட்டியிருந்தது. கறுப்பு நிறத்தின் நடுவே மெழுகுத்துளி வைத்தாற்போன்ற மஞ்சள் வெண்மைப் புள்ளி. “இது நம் காட்டுக்கோழியாயிற்றே!” என்றார் நெசவாளர். ஆம். தென்னிந்திய மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு அது. ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் சால்மன் மீன் பிடிக்கக் கட்டப்பட்ட பொய்ப்பூச்சிகளுக்கு அந்த இறகு இல்லாமல் முடியாது என்ற நிலை விக்டோரியா காலத்தில் ஏற்பட்டது. கி.பி. 200 அளவில் ஈலியன் என்னும் உரோம எழுத்தாளர், மாசிடோனியர் செந்நிறக் கம்பளி நூலையும் மெழுகு நிறச் சேவல் இறகுகளையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். மீனை ஏமாற்ற மனிதன் சேவலின் கழுத்தை நாடியது பழைய வழக்கம்போலும்.

அழகுக்கு ஆசைப்பட்டவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டிரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே இரவில் 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 19ஆம் நூற்றாண்டில் திரட்டிய பறவைகளும் அவற்றில் இருந்தன. திருடியவர் ஓர் இசை மாணவர். பழைய முறையில் பொய்ப்பூச்சி கட்டுவோருக்கு விற்பதற்காகவே திருடினார். காட்டுக்கோழிக்கு இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அரணாக அமைந்தது. இன்று மேலைநாடுகளில் பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகையே பயன்படுத்துகிறார்கள்.

பட்டின் காலமும் அந்தத் தொழிலில் முடிந்தது. 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் முர்சியாவின் புழு நரம்புக்கு வேலையில்லாமல் போயிற்று. 1950களில் நெகிழிப் பூச்சிட்ட நூல் வந்தபின், உலர்த்தவும் கொழுப்புத் தடவவும் எவரும் விரும்பவில்லை. நெசவாளர் இதைக் கேட்டுவிட்டு, “விசைத்தறி வந்தது என்று சொல்லுங்கள்” என்றார்.

பனிக்கட்டியில் வந்த முட்டைகள்

இந்தப் பெட்டியோடு மேலாளர் எங்கே மீன் பிடித்தார்? அவலாஞ்சியிலும் அதனைச் சுற்றிய மலையோடைகளிலும். பிடித்த மீன் டிரௌட். ஆனால் அந்த மீன் நீலகிரிக்கு உரியதன்று. குளிர்ந்து ஓடும் நீரைக் கண்ட ஆங்கிலேயருக்குத் தம் ஊர் மீன் இல்லாதது குறையாகத் தோன்றியது. ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூலை எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1860களில் டிரௌட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வானவில் டிரௌட்டின் முட்டைகளை வரவழைத்து, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தபின்தான் அம்மீன் நீலகிரியில் வேரூன்றியது. காஷ்மீருக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகள் 1900இல் உயிர்பிழைத்தன.

உலகெங்கும் இதே கதைதான். 1864இல் ‘நார்ஃபோக்’ என்னும் கப்பல் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் இடையே வைத்த முட்டைகளை இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சுமந்து சென்றது. அவை தாஸ்மானியாவில் பொரிந்தன. அங்கிருந்து 1867இல் நியூசிலாந்துக்குச் சென்றன. 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தென்அமெரிக்காவின் பட்டகோனியாவையும் டிரௌட் எட்டியது. இன்று ஈத்தூண்டில் பயணிகள் மனிதக் காலடி அரிதாகவே படும் ஆறுகளைத் தேடிச் செல்கிறார்கள். நியூசிலாந்தின் மலையிடுக்கு ஓடைகளில் உலங்கூர்தியில் இறங்குகிறார்கள். தென்முனையை ஒட்டிய தியேரா டெல் பியூகோ தீவில் சூறைக்காற்றை எதிர்த்து நூல் வீசுகிறார்கள். தொலைவையும் தூய்மையையும் நாடிச் செல்லும் அவர்கள் அங்கே பிடிப்பது, அவர்களுடைய முப்பாட்டன்மார் கப்பலேற்றி அனுப்பிய மீனின் வழித்தோன்றலைத்தான்! வந்த மீன் வாழ்ந்தது. இருந்த மீன் என்னவாயிற்று? நியூசிலாந்தின் ஆறுகளில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த உபோகோரோரோ என்னும் மீன், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியோடு மறைந்தேபோயிற்று. காடழிப்பும் அதற்குக் காரணம், அயல்மீனும் காரணம்.

தொலைவிடங்கள் எல்லாம் இப்படிப்பட்டவை அல்ல. இரசியாவின் கம்சாத்காவில் வானவில் டிரௌட் மண்ணின் மைந்தனே. மங்கோலியாவின் ஆறுகளில் சால்மன் குடும்பத்தின் மிகப் பெரிய மீனான தைமென் வாழ்கிறது. தூண்டிலில் சிக்கினால் மீண்டும் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. பசிபிக் பெருங்கடலின் கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த கிரிடிமாத்தித் தீவில் முழங்கால் அளவு உப்புநீரில் நடந்து, வெள்ளி நிற எலும்புமீனின் நிழலைத் தேடுகிறார்கள். அங்கே மீனைவிட அதன் நிழல்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் கேட்ட நெசவாளர், “பசிக்குப் பிடிப்பது எனக்குப் புரிகிறது, சம்பந்தி. விட்டுவிடுவதற்காக ஏன் பிடிக்க வேண்டும்?” என்றார். சம்பந்தியிடம் மறுமொழி இல்லை. அது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியும் அன்று. எதிர்முள் இல்லாத தூண்டிலைப் பயன்படுத்தினாலும், நீரை விட்டு மேலெடுக்காமல் விடுவித்தாலும், வலி வலிதான். ஆயினும் நீலகிரியின் வடக்குச் சரிவில் ஓடும் ஆறு ஒன்றின் கதை, அந்தக் கேள்விக்கு வேறொரு பக்கமும் உண்டு எனக் காட்டுகிறது.

மோயாற்றின் மீன்

டிரௌட்டுக்காக ஏங்கியவர்களின் காலடியிலேயே அதனைவிடப் பெரிய மீன் ஒன்று இருந்தது. மகசீர், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் வெளியிட்ட ‘இந்தியாவில் தூண்டில்’ என்னும் பொருளுடைய நூலில், சால்மனைவிட மகசீரே தூண்டிலோடு வலிமையாகப் போராடும் என்று வாதிட்டார். (நம் ஏரி, குளங்களின் சிறுமீன்களுக்கும் 1887இல் அவர் ஒரு தனிநூல் எழுதினார், அவற்றையும் மதித்த வெள்ளையர் அவர்.) மகசீர்களுள்ளும் காவிரிப் படுகைக்கே உரிய ஒன்று முதுகில் திமிலுடையது. 1946இல் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. ஒரு மனிதனின் எடை!

இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு நெடுங்காலம் அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. அமராவதியின் துணையாறான பாம்பாற்றில் கிடைத்த சிறிய மகசீர்களை ஆராய்ந்த கேரள அறிவியலாளர்கள் 2007இல் அவற்றுக்கு ‘டோர் ரெமாதேவி’ என்று பெயரிட்டனர். இந்திய விலங்கியல் கள ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் ரெமா தேவியைச் சிறப்பிக்கும் பெயர் அது. காவிரியின் திமில் மகசீரும் அதே இனம்தான் என்பது 2018இல்தான் நிறுவப்பட்டது. அதற்குச் சான்றளித்த மீன்கள், முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடிப் பவானிசாகரை அடையும் மோயாற்றில் கிடைத்தவை. அதே ஆண்டில் அம்மீன், அற்றுப்போகும் பேரிடரில் உள்ள உயிரினங்களின் பட்டியலில், மிகக் கடுமையான நிலையில் சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்த ஆண்டிலேயே இரங்கல் செய்தியும் ஏறத்தாழ எழுதப்பட்டுவிட்டது.

அணைகள் நீரோட்டத்தைத் தடுத்தன, மணல் அள்ளினார்கள், வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்தார்கள். இவை எவரும் எதிர்பார்க்கும் காரணங்கள். எதிர்பாராத காரணம் ஒன்றும் உண்டு. மகசீரைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, மகாராட்டிரத்தில் செயற்கையாகப் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைக் காவிரியில் பெருமளவில் விட்டார்கள். மகசீர் எல்லாம் ஒன்றே என்று எண்ணியதன் விளைவு இது. வந்த மீன் பெருகியது. ஆற்றுக்கு உரிய திமில் மகசீர் அருகியது. டிரௌட்டைக் கொண்டுவந்த அயலார் செய்த பிழையை, மண்ணின் மீனைக் காக்க நினைத்தவர்களும் வேறு வகையில் செய்துவிட்டார்கள்.

இந்த மாற்றம் எப்படித் தெரியவந்தது என்பதில்தான் நெசவாளரின் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. கர்நாடகத்தில் காவிரிக் கரையின் தூண்டில் முகாம்களில், பிடித்த மீனை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த வகை மீன், என்ன எடை என்று அவர்கள் பொழுதுபோக்காக எழுதிவைத்த ஏடுகளை ஆய்வாளர்கள் பின்னர்த் தேடிப் படித்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளில், திமில் மகசீர் ஆண்டுதோறும் குறைந்து, நீலத்துடுப்பு மகசீர் பெருகுவது வரிவரியாகப் பதிவாகியிருந்தது. வேறு எவரும் அந்த மீனை எண்ணவில்லை. 2012இல் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் தூண்டிலுக்குத் தடை வந்தபின் அந்த ஏடுகளும் நின்றுபோயின. தடை சரியா, தவறா என்பதில் இன்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. ஆற்றங்கரையில் ஆள் இருந்தவரை வெடி வைப்போர் தயங்கினார்கள் என்பர் ஒரு சாரார். காட்டில் விளையாட்டுக்கு இடமில்லை என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. எண்ணுவார் இல்லாமல்போன ஆற்றின் நிலைதான் இவற்றைவிடக் கவலைக்குரியது.

குன்னூரிலிருந்து புறப்படும்போது சம்பந்தி ஒரு பொய்ப்பூச்சியைத் தாளில் மடித்துக் கொடுத்தார். பேருந்தில் நெசவாளர் அதனைப் பலமுறை பிரித்துப் பார்த்தார். அவரை ஈர்த்தது இறகன்று. முள்ளின் கழுத்தில் இருந்த கட்டு. மயிரிழை போன்ற பட்டு நூலை இடைவெளியின்றிச் சுற்றி, முடிச்சே தெரியாமல் முனையை உள்ளே செருகியிருந்தது. பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கும் வேலையைத் தன் மனைவி இப்படித்தான் செய்வார் என்று அவர் மகளிடம் தொலைபேசியில் சொன்னார்.

பாலாற்றில்

ஊர் திரும்பியபின் அவர் கோர்வை இல்லாத ஒற்றை நாடாச் சேலைக்குப் பாவு வாங்கி ஏற்றினார். கூலி குறைவு, ஆனால் ஒருவரே நெய்யலாம். தறிக்குப் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்து அந்தப் பொய்ப்பூச்சியைத் தொங்கவிட்டார்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, 348 கிலோமீட்டர் ஓடி, வாயலூர் அருகே கடலை அடைகிறது என்று நூல்கள் கூறுகின்றன. ஓடுகிறது என்ற சொல்லைப் பல ஆண்டுகள் பொருளின்றியே எழுதிவந்தோம். மணல் போயிற்று, ஊற்றுக்கால்கள் தூர்ந்தன, மேல்பகுதியின் தோல் தொழிற்சாலைக் கழிவு வேறு. 2021 நவம்பரில் பெய்த மழையில் அந்த ஆறு கரைபுரண்டு வந்தது. பாலங்களின்மேல் மக்கள் கூட்டமாக நின்று, விருந்தாளியைப் பார்ப்பதுபோல் ஆற்றைப் பார்த்தார்கள். நெசவாளரும் போய் நின்றார்.

வெள்ளம் வடிந்த சில வாரங்களில் மணற்பள்ளங்களில் நீர் தேங்கித் தெளிந்தது. ஒரு காலைப்பொழுதில் அவர் அங்கே நடந்துகொண்டிருந்தபோது, பள்ளம் ஒன்றின் கிழக்குக் கரையில் பன்னிரண்டு வயதுள்ள சிறுவன் ஒருவன் நைலான் நரம்பு கட்டிய மூங்கில் குச்சியோடு அமர்ந்திருந்தான். மண்புழு நிறைய வைத்திருந்தான். வாளியில் மீன் ஒன்றும் இல்லை. அவனுக்குப் பின்னால் கதிரவன் எழுந்துகொண்டிருந்தது.

“தம்பி, அந்தப் பக்கம் போய் உட்கார்” என்றார் அவர். “உன் நிழல் தண்ணீரில் விழுகிறது.”

சிறுவன் அவரை ஐயத்தோடு பார்த்தான். பிறகு குச்சியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி எதிர்க்கரைக்கு நடந்தான். கண் கூசியதால் ஒரு கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டு அமர்ந்தான். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. நீருக்கடியில் கெண்டைக் குஞ்சுகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.